கோட்டைக் காவலாளிகளை அடிக்காத அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை நவி மும்பை வாஷியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், கல்யாண வயது தாண்டப்போகிறது. சோபாவில் சாய்ந்துகொண்டு பெரிய டிவியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் நரைத்த தாடியோடு ஒரு கிழவன் மழையில் சொட்டச் சொட்ட நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவன் ஒரு பட்டனை அழுத்தினான். கிழவனைக் காணோம். அடுத்து ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். அவளையும் அழுத்தித் துரத்தினான்.

"ஏல, அவ எதுக்கு அழுதான்னு கேட்டுட்டாவது போயேன்" என்றேன்.

"அரே, ஸ்டோரி எல்லாம் யாரு பெரிம்மா பாக்குறா? ஸ்கிப் பண்ணிட்டுப் போய்ட்டே இருக்கணும்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைக் குறைக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையும் நன்றாக இருக்கிறது, கோபமும் நன்றாக இருக்கிறது. "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இதெல்லாம் ஆடுனவ நான்" என்றேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "யாரு, நீங்களா? போன்ல பாம்பு ஓடுமே, அதுவா?"

 தங்கச்சி வீட்டு ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தக் குளிரோடு, டிவிக்குக் கீழே சூடேறிக் கிடந்த விளையாட்டுப் பெட்டியின் பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து வந்தது. குளிரும் சுட்ட பிளாஸ்டிக்கும். எண்பதுகளின் பின்பாதியில் என் வாழ்க்கைக்கே அந்த வாசனைதான். அப்போது நான் வேலை பார்த்த மாட்டுங்கா ஆபீஸ் நேராக மூக்கில் ஏறிவிட்டது.

ஆபீஸ் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படியில் ஏறும்வரை காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. கதவைத் திறந்தால் கம்ப்யூட்டர் வாசனை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். மனிதர்களுக்கு இல்லாத ஏசி மெஷினுக்கு இருந்தது. அதன் புண்ணியத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. தாராவியில் எங்கள் தகரக் கூரை வீட்டு வெக்கையிலிருந்து போன எனக்கு முதல் மாதம் முழுக்க மூக்கு ஒழுகியது.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் கம்பெனிப் பங்கு வாங்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வரும். பெயர், அப்பன் பெயர், விலாசம் என்று அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். பம்பாயில் பணம் வைத்திருந்தவன் பேரெல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. ஒரு பங்குகூட நான் வாங்கியதில்லை.

எங்களுக்கு மேலே ஜானகி மேடம். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். முதுகுக்குப் பின்னால் மாமி என்போம். ஒரு எழுத்துத் தப்பினால் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் சுத்தமாக அடிக்கக் கற்றேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மாமி வேறு ஆள்.

மெஷினைப் பார்க்க வரும் சர்வீஸ் இன்ஜினியர் கேம் ஏற்றிய இரண்டு பிளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கறுப்பாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக, வளைத்தால் வளையும். இரண்டும் யாரிடமிருந்தோ காப்பி அடித்தது. ஒன்றில் ஆகாயச் சண்டை. மற்றதில் ஒரு பாதாளக் கோட்டை.

ஆகாயச் சண்டை மாமியுடையது. பச்சைத் திரையில் புள்ளி புள்ளியாய் நட்சத்திரம், நாலு கோடு இழுத்தால் ஒரு கப்பல். ஒரு கிரகத்தில் தானியம் வாங்கி இன்னொரு கிரகத்தில் விற்கவேண்டும், வழியில் கொள்ளைக்காரன் வந்தால் சுடவேண்டும். தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமி உட்காருவார்.

"இதோ வரா பாரு என் பெரிய நாத்தனார். இவளை விடப்படாது."

டப் டப் என்று விசை தட்டும். கப்பல் கோடு கோடாகச் சிதறும்.

"போனா! அடுத்தது யாரு? ஓ, சின்னவளா? வாடி வா."

அந்தக் கொள்ளைக்காரர்கள் யார், எந்த ஊர், ஏன் வழிமறிக்கிறார்கள் என்று கேம் ஒரு வார்த்தை சொல்லாது. மாமியின் புகுந்த வீட்டார் அத்தனை பேரும் அந்த இருட்டில் தினமும் செத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதை இல்லாமல் இல்லை. இருந்தது. இன்ஜினியரே சொன்னான். "இதுக்கு ஒரு புக் உண்டு. யாரு ராஜா, யாரு எதிரி, எதுக்குப் போறோம், எல்லாம் அதுல போட்டிருப்பான். பாம்பேக்கு பிளாப்பிதான் வந்துச்சு, புக் வரல." அப்படித்தான் எங்களுக்கு எல்லாமே வந்தது. சண்டை வந்தது, எதற்குச் சண்டை என்பது வரவில்லை.

பாதாளக் கோட்டை எனக்கு. திரையில் கோட்டுச் சுவர்கள், கீழே நாலு வரி இங்கிலீஷ். ஆறு பேருக்குப் பெயர் வைத்து உள்ளே அனுப்பவேண்டும். நான் முதலில் தங்கச்சி பேர், அடுத்த வீட்டுக்காரி பேர் என்று வைத்து அனுப்பினேன். போன வேகத்தில் எல்லாரும் குழியில் விழுந்து செத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அண்ணன் பேசினான்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். செல்லத்துரை என்று பேர். செம்பூரில் மின்விசிறி மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் கம்பி சுற்றுகிற வேலை. நஷ்டம் என்று ஒரு காகிதத்தை கேட்டில் ஒட்டிவிட்டுக் கதவை மூடினான் முதலாளி. நஷ்டமாம். அந்த வருடம்தான் அவன் மகளுக்கு ஊரே பார்க்கக் கல்யாணம் நடந்தது. அண்ணனும் மற்றவர்களும் இரண்டு மழைக்காலம் அந்த கேட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்குத் திரும்பினான். ஏணி ஏறிப் பரணில் படுத்தான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான். கக்கூசுக்கு இறங்குவான், குளிப்பான், மறுபடி ஏறிவிடுவான். யாரோடும் பேச்சில்லை. அம்மா தட்டை ஏணியின் மேல்படியில் வைப்பாள். சில நாள் அது அப்படியே இருக்கும். அம்மா கோயில் கோயிலாகப் போனாள். நான் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குக் கத்தத் தெம்பில்லை. ஏணிக்குக் கீழே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னேன்.

"இன்னைக்கு நான் குழியில விழுந்து செத்துப் போனேன்."

மேலே பலகை கிரீச்சிட்டது.

"என்னட்டி சொல்லுத?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் குரல். அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயம். கோட்டையைப் பற்றிச் சொன்னேன், ஆறு பேரைப் பற்றிச் சொன்னேன், குழியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னான்: "அறிவிருக்கா உனக்கு? முன்ன பின்ன பாக்காமலா நடப்ப? நாளைக்கு எடப்பக்கமாப் போ."

நான் இடப்பக்கம் போனேன்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானம் மாட்டுங்காவில் நான் நடப்பேன், சாயங்காலம் தாராவியில் அவன் கேட்பான். எத்தனை அடி, எந்தப் பக்கம் கதவு, கதவில் பூட்டா தாழ்ப்பாளா என்று குடைவான். கரிக்கட்டையால் பரண் சுவரில் வழி வரைந்தான். கம்ப்யூட்டரை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தக் கோட்டையில் அவனுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு வழி தெரியாது. சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

ஆறு பேருக்கும் பேரை மாற்றச் சொன்னான். பாபுராவ், சலீம், அந்தோணி என்று எல்லாம் கேட் முன்னால் தார்ப்பாயில் கூட உட்கார்ந்தவர்கள். "ஒம் பேரு வைக்கலியாண்ணே?" என்றேன். "நான் எதுக்கு? நான் இங்கனதான கெடக்கேன்."

புக் வராத கதையை அவனே சொன்னான். கோட்டைக்காரன் நஷ்டம் என்று சொல்லிக் கோட்டையை மூடிவிட்டான். உள்ளே இருக்கிற சாமானைப் பின்வாசல் வழியாகக் கடத்துகிறான். இந்த ஆறு பேரும் நியாயம் கேட்கப் போகிறவர்கள். கேமில் வழியெல்லாம் தங்கம் கிடக்கும், எடுத்தால்தான் நல்ல கத்தி வாங்கலாம். அண்ணன் எடுக்க விடவில்லை. "தொடாத. திருட்டுக் கேஸ் போடுவான்." நானும் தொடவில்லை. மாமி தலையில் அடித்துக்கொண்டார். "தங்கத்தை மிதிச்சுண்டு போறவளை இப்போதான்டி பாக்கறேன்." எங்கள் ஆறு பேரும் கடைசிவரைக்கும் தடிக்கம்போடு நடந்தார்கள்.

மாமியின் ஆகாயத்தையும் அவன் விடவில்லை. ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானியம் போகிறது என்றேன். "மூட்டய யாரு ஏத்துதா?" என்றான். மறுநாள் மாமியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "யாராவது கூலிக்காரா இருப்பா" என்றார். அதை வந்து சொன்னேன். "அவனுவளுக்கு அங்க சங்கம் இருக்கா?" என்றான். இதற்கு மாமியிடமும் பதில் இல்லை, பிளாப்பியிலும் இல்லை.

இப்படியே போய், கோட்டையின் உள்வாசலுக்கு வந்தோம். வாசலில் நாலு காவலாளிகள். அடிக்கலாம், ஓடலாம், வணக்கம் சொல்லலாம். கேம் கொடுத்த வழி அவ்வளவுதான். அடித்தால்தான் உள்ளே போகமுடியும் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"வணக்கம் சொல்லு" என்றான் அண்ணன்.

சொன்னேன். 'போய்விடு' என்று ஒரு வரி வந்தது. மறுநாளும் வணக்கம், மறுநாளும் 'போய்விடு'. வாரங்கள் ஓடின. எனக்குச் சலித்துவிட்டது.

"ண்ணே, அடிச்சுப் போட்டுட்டு உள்ள போவமா?"

"கைய வெட்டிருவேன். அவன் வாட்ச்மேன்ட்டி. சம்பளத்துக்கு நிக்கான். அவன அடிச்சா உள்ள இருக்கவனுக்கு என்ன நோவும்?"

அதற்குமேல் பேசமாட்டான் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்க கேட்ல ஹரிலால்னு ஒருத்தன் நிப்பான். வடக்கத்திக்காரன். மொதலாளி எங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருந்தான். இவன் பக்கெட்ட கேட்டுக்கு அடியில தள்ளி விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பான். நான் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன்லா, அன்னைக்கு சாமான் ஏத்த லாரி உள்ள போறதுக்கு வந்துச்சு. நம்மாள்ல ஒருத்தன் கல்ல விட்டான். லாரிக்கு விட்ட கல்லு. ஹரிலால் கண்ணுல அடிச்சிட்டு. மொகத்தப் பொத்திக்கிட்டு அப்படியே உக்காந்தான். வெரலு சந்துல ரத்தம். நான் பாத்துக்கிட்டே நின்னேன்ட்டி. எல்லாரும் ஓடுனாவ, நானும் ஓடிட்டேன்."

கீழே அம்மா அடுப்பை அணைத்தாள். அதுவரை எங்களுக்கு அது தெரியாது.  மறுநாள் போய் வணக்கம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அவசர வேலை ஒன்று வந்து நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மாமி என் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"உன் கோட்டை வாசலைத் திறந்துட்டேன்டி! நாலு பேரும் க்ளோஸ். எத்தனை நாளைக்குக் கும்பிடு போட்டுண்டு நிப்பே?"

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றேன்.

"ஒரு பெட்டி. திறந்தா ஒண்ணுமில்லை. போறும் போ, ஒரு வழியா முடிஞ்சது."

மாமியை என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. வேலை போயிருக்கவேண்டும். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒரு பொம்மைக்காடி இவ்வளவு கோபம்?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன், ஹரிலாலைப் பற்றியும் சொன்னேன். மாமி தன் டம்ளரிலிருந்த காப்பியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கேட்டான். கரிக்கட்டையைக் கீழே போட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஏணியில் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

மறுநாள் எனக்குக் கோட்டைப் பக்கம் போகவே மனசில்லை. மாமிதான் பிளாப்பியை எடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "போய்ப் பாரேன்" என்றார். போனேன். இடது, வலது, நேராக. உள்வாசல் மூடிக் கிடந்தது. முன்னால் நாலு பேர் நின்றார்கள்.

அந்தக் காலத்துக் கேம்களில் அப்படித்தான், வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் செத்தவர்கள் எல்லாம் மறுபடி அதே இடத்தில் நிற்பார்கள். செய்தவனுக்குச் சோம்பேறித்தனமோ, மெஷினில் நினைவு வைக்க இடமில்லையோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அண்ணனிடம் சொல்லவேண்டும்.

ஏணியில் பாதி ஏறி நின்று சொன்னேன். "ண்ணே, அவங்க நிக்காங்க."

"யாரு?"

"வாட்ச்மேன்மாரு. நாலு பேரும். உசுரோட."

எழுந்து உட்கார்ந்தான். "அடிபட்ட தடம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே. மொத நாளு பாத்த மாதிரியே நிக்காங்க."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

விடிந்ததும் இறங்கி வந்தான். சவரம் செய்தான். அம்மாவிடம் வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டான். அது தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தான். "செம்பூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான். அம்மா வாசலில் நின்று அவன் சந்து முனை திரும்புகிறவரை பார்த்தாள். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அன்றைக்கு ஆபீசில் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

சாயங்காலம் நான் வந்தபோது அண்ணன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். கேட்டில் ஏதோ ஏஜென்சி வாட்ச்மேன்கள் நிற்கிறார்களாம், புதுச் சட்டை, புது ஆள். தார்ப்பாய் இல்லை. ஹரிலால் இருந்த அறையில் வேறு குடும்பம். டீக்கடைக்காரன், கண்ணில் கட்டோடு ஊருக்கு ரயிலேறிவிட்டான் என்றான். பீடிக்கடைக்காரன், ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான் என்றான். எந்த ஊர் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. வடக்கு. அவ்வளவுதான்.

"நீ பாத்தியே, அது மாதிரி அவனும் அங்க நிப்பான்னு நெனச்சேன்" என்றான். என்னைக் குறை சொல்கிற குரல் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

அதன்பிறகு அவன் பரண் ஏறவில்லை. காட்கோபரில் ஒரு கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலைக்குப் போனான். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று அம்மா தேங்காய் உடைத்தாள். வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். கோட்டையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. நானாக இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். "சோத்தப் போடுட்டி" என்றான். விட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்கு பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. மாமியின் நாத்தனார்கள் ஆகாயத்திலும் எங்கள் ஆறு பேர் பாதாளத்திலும் இருந்தபடியே அழிந்தார்கள். இன்ஜினியர் இரண்டையும் மடக்கிக் குப்பையில் போட்டான். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சுவரிலிருந்த வழியெல்லாம் போயிற்று. கொஞ்ச காலம் மழைநாளில் மட்டும் கரிக்கோடு லேசாகத் தெரியும். பிறகு அந்த வீடே போய்விட்டது.

மாட்டுங்கா ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது போன் உறை விற்கிறான். பெயர் அடிக்கிற வேலைக்கு இப்போது ஆள் வேண்டாமாம். மாமி செம்பூரில் மகன் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்துப் போய்ச் சேர்ந்தார். தொழிற்சாலை நிலத்தில் பணக்காரர்களுக்கு மாடிமாடியாகக் கட்டிவிட்டான், அதே முதலாளியின் பிள்ளை. நஷ்டப்பட்ட குடும்பம் பாருங்கள்.

அண்ணன் போய்ச் சில வருடம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டான்: "கண்ணு ஒண்ணுதானட்டி போயிருக்கும்? ஆளு இருந்திருப்பான்லா?" இருந்திருப்பான் என்றேன். அதை எதை வைத்துச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

ஹரிலாலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை. இப்போது கேட்கவும் ஆளில்லை.